நான் நகர்த்திய மஞ்சள் கிண்ணம்

கதிர்,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. முதலில் உன் அம்மா படிப்பாள்; படித்துவிட்டு இரண்டு மூன்று இடத்தில் என்னைத் திட்டுவாள். பிறகு ஜெஞ்சாரோமில் இருக்கும் உன் அத்தைக்குப் போனில் படித்துக் காட்டுவேன், அவளுக்குச் சின்ன எழுத்து இப்போது தெரிவதில்லை. அதற்குப் பிறகுதான் உன் கைக்கு வரும். வந்ததும் மாலினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகவே படி. எல்லார் கண் முன்னாலும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, மூடிய உறைக்குள் ஒளிந்துகொண்டு மன்னிப்புக் கேட்பது கோழைத்தனம் என்று இப்போதுதான் எனக்கு உறைத்திருக்கிறது. நான் ஆரம்பித்தால் நீளமாகத்தான் போகும், உனக்கே தெரியும். குறுக்கே பேச முடியாதபடி உன்னை உட்காரவைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் கல்யாணக் கார்டு போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரன் கரண்டு பில்லோடு சேர்த்துக் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான். உறை மேல் உன் கையெழுத்து. என் பெயருக்கு முன்னால் 'திரு', அம்மா பெயருக்கு முன்னால் 'திருமதி', கீழே கிள்ளான் முகவரி முழுதாக. முன்பின் தெரியாத மேனேஜருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தாய். கைலியோடு கேட்டுப் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். இரண்டு பக்கமும் வாழைமரம், குலை தள்ளி, ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்துகொண்டு. என்ன கார்டு என்று படிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அந்த வாழைமரத்தை ரப்பரில் செதுக்கியவனே நான்தானே. உள்ளே பார்த்தால், பெற்றவர்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. 'எங்கள் திருமணத்துக்கு வாருங்கள்' என்று உன் பெயரும் மாலினி பெயரும் மட்டும்.

நம் வீடுகளில் கல்யாணக் கார்டில் பெற்றவர்கள் பெயர்தான் மேலே இருக்கும். அவர்கள்தான் ஊரை அழைப்பார்கள். அவர்களை யாரும் அழைப்பதில்லை. பெற்ற மகன் கல்யாணத்துக்குப் போஸ்டில் கார்டு வாங்கிய அப்பன் இந்தக் கிள்ளானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்குள் போய்க் கத்தினேன். உன் அம்மா பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கிப் படித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"நம்ம பேரு எங்கேயும் இல்ல, பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"உனக்குக் கோவமே வரலையா?"

"எனக்கு எதுக்கு வரணும்? நான் மாப்பிள்ளைக்கு அம்மா. எனக்கு யாரும் கார்டு குடுக்க வேணாம், நான் முன்னாடியே போயி வேல செய்வேன். இது உங்களுக்கு வந்த கார்டு. நீங்கதான் விருந்தாளி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

நான் போகப்போவதில்லை என்று முடிவு செய்தேன். கார்டை டிவி ரிமோட்டுக்கு அடியில் வைத்தேன். தூக்கி எறியவும் மனசு வரவில்லை, அலமாரியில் வைக்கவும் மனசு வரவில்லை. ஒவ்வொரு நாளும் செய்தி பார்க்க ரிமோட்டை எடுத்தால் வாழைமரம் தெரியும். தொழில் புத்தி போகுமா? ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ரப்பர் முத்திரை, நம் சாப், எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். மை எல்லா இடத்திலும் சமமாகப் பிடித்திருந்தது, குலையின் நுனி வரைக்கும். அது உன் கை இல்லை. நீ அடித்தால் வலது பக்கம் எப்போதும் வெளிறிப்போகும், உனக்கு அவசரம். மாலினிதான் அடித்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் நான்கு மூலையும் கண்ணில் பட்டது. சுத்தமான வெள்ளை. ஒரு மூலையில்கூட மஞ்சள் இல்லை. உடனே எனக்கு மறுபடியும் ஏறிக்கொண்டது. "மஞ்சள் வைக்காம கார்டு அனுப்பியிருக்கான் பாரு. கருமாதிக் கார்டுதான் இப்படி வரும்" என்று அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் கார்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "யாரு வைப்பா? வைக்க வந்த கைய நீங்கதான தள்ளி விட்டீங்க" என்றாள்.

கார்டை மறுபடியும் ரிமோட்டுக்கு அடியில் வைத்தேன். கார்டு செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் என் வாயால் ஒருதடவை சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகிறேன், ஏனென்றால் சாப் விஷயத்தில் நான் உனக்குச் செய்த முதல் தப்பு இது இல்லை.

உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளி விடுமுறை, அம்மா அவள் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தாள். உன்னைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த என் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். கப்பல் சரக்குக்கான தாள்களுக்கு நாள் முழுக்கச் சாப் அடிப்பதுதான் என் வேலை. வந்தது, போனது, சரிபார்த்தது என்று எட்டுச் சாப், இரண்டு மைப்பெட்டி. நான் மேலாளர் அறைக்குப் போய்விட்டு வருவதற்குள் நீ ஒரு நல்ல தாளை எடுத்து, தேதிச் சாப்பை வட்டமாகத் திருப்பித் திருப்பி அடித்து, மயில் தோகை ஒன்று செய்து வைத்திருந்தாய். 'அம்மாவுக்கு' என்று கீழே எழுதியிருந்தாய். நான் அதை எல்லார் முன்னாலும் கிழித்துப்போட்டு உன் காதைத் திருகினேன். ஆபீஸ் சாப்பை வைத்து விளையாடினால் என் வேலை போய்விடும் என்று பயம். பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கோபமாகக் காட்டினேன். நீ அழாமல் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

நான் ஓய்வு பெற்ற மாதம் நீ ஒரு பெட்டி கொண்டுவந்தாய். நாலு மைப்பெட்டி, பூவும் இலையுமாகப் பத்துப் பன்னிரண்டு சாப், கெட்டிக் கார்டு ஒரு கட்டு. "முப்பது வருஷம் கப்பலுக்கு அடிச்சிட்டீங்க, இனிமே மனுசங்களுக்கு அடிங்க. இந்தத் தடவ கிழிக்காதீங்கப்பா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அதுதான் சரியான நேரம். நான் என்ன கேட்டேன்? "இதெல்லாம் சின்னப்பிள்ள வெளையாட்டு, எவ்வளவு குடுத்து வாங்கின?" என்று கேட்டேன்.

அப்புறம் அந்த விளையாட்டே என்னைப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஆபீஸ் சாப்பை ஓங்கி ஒரு குத்துக் குத்தினால் போதும். கார்டுக்கு அப்படி அடித்தால் மை பிதுங்கும். மெதுவாக வைத்து, உள்ளங்கையால் நேராக அழுத்தி, ஆடாமல் நேராகத் தூக்க வேண்டும். அதைப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. பிறகு ரப்பரில் நானே செதுக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது பார்த்துக்கொண்ட மலாய்க்கார நர்ஸுக்குச் செம்பருத்தி போட்ட கார்டு, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்குப் புத்தாண்டுக் கார்டு, தீபாவளிக்குத் தெரு முழுக்க. கார்டை வாங்குகிறவர்கள் உடனே பிரித்துப் பார்க்காமல் விரலால் ஒருதடவை தடவிப் பார்ப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மாலினியைப் பற்றி நீ சொன்னபோது நான் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அவள் கணவன் மோட்டார் விபத்தில் போய்விட்டான், ஐந்து வருடமாகச் சுங்கை வேயில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு தனியாக இருக்கிறாள் என்றாய். நான் சரி என்றேன். சரி என்றதோடு நிற்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு. பிரிக்பீல்ட்ஸில் பழைய ஆபீஸ் நண்பர்களோடு வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், "நான் அந்தக் காலத்து ஆளு இல்ல லா. நல்ல பொண்ணு, அது போதும்" என்று பெருமை பேசினேன். "யாருக்கு வரும் இந்த மனசு" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பாராட்டு சாம்பாரைவிட ருசியாக இருந்தது. ஒரு பெண்ணை என் நல்ல மனசுக்குச் சாட்சியாக நிறுத்திவைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி அந்த ஞாயிறு. கார்டு எல்லாம் நாமே செய்வோம் என்று நீங்கள் இரண்டு பேரும் காலையிலேயே வந்தீர்கள். நான் ராத்திரி பகலாக வாழைமரம் இரண்டு செதுக்கி வைத்திருந்தேன். அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒன்றை ஒன்று பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவதை எதிர்ப்பக்கம் சாய்த்துச் செதுக்க வேண்டும் என்பதைப் பிள்ளை கல்யாணக் குஷியில் மறந்துபோய், இரண்டாவது மரத்தையும் முதல் மரம் மாதிரியே செதுக்கியிருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் மறுபடியும் செதுக்க உட்கார்ந்தேன். மாலினிதான், "வேணாம் மாமா, இருங்க" என்றாள். பெரிய வெள்ளை அழிப்பான் ஒன்றை எடுத்து, வழவழப்பான பக்கத்தில் மரத்தை அடித்தாள். மை காயும் முன்னால் அந்த அழிப்பானையே கார்டில் வைத்து அழுத்தினாள். மரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுந்தது. எனக்கு அந்த வித்தை தெரியாது. மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கு இது எப்படித் தோன்றியது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "எங்கம்மா கத்திரிக்காய வெட்டிக் கோலம் அடிப்பாங்க மாமா, அந்தப் பழக்கம்" என்றாள். அவளை எனக்கு அந்த நிமிடம் உண்மையாகவே பிடித்துப்போனது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அரைமணி நேரத்தில் ஐம்பது அறுபது கார்டு முடிந்துவிட்டது. அம்மா சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். முதல் கார்டு சாமிக்கு என்று நான் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். மாலினி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மோதிர விரலை நீட்டினாள். நான் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினேன்.

"மை இன்னும் காயலம்மா. மஞ்சள் பட்டா கலைஞ்சிரும். நீ சாப் அடி, மஞ்சள நாங்க வச்சிக்கிறோம்" என்றேன்.

ஒரு சாண்கூட இருக்காது நான் நகர்த்திய தூரம். அவள் விரல் அங்கேயே நின்றது. நீ, "அப்பா, அது அடிச்ச ஒடனே காயிற மை" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆமாம், அது உடனே காய்கிற மைதான். வாங்கியவன் நான், உனக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் நான். பொய் சொன்னதை என் மாணவனே கண்டுபிடித்துவிட்டான். மாலினி கையை மடித்துக்கொண்டாள். பிறகு ஈரத்துணியை எடுத்து, ஒவ்வொரு சாப்பாகத் துடைத்தாள், மைப்பெட்டிகளை மூடினாள், கார்டுகளை அடுக்கி ஓரம் தட்டினாள். எழுந்து நின்று, "சாப் எல்லாம் தொடச்சிட்டேன் அங்கிள்" என்றாள். காலையிலிருந்து மாமா மாமா என்று கூப்பிட்டவள், அங்கிள் என்றாள். நீ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாய். மஞ்சள் கிண்ணம் மட்டும் என் பக்கத்தில் இருந்தது. உன் அம்மா இன்றுவரை அதைக் கழுவவில்லை. "நீங்க நகர்த்தின கிண்ணம், நீங்களே கழுவுங்க" என்றாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஊருக்குப் பயந்தா? மேசையில் ஊர் இல்லை, நாம் நாலு பேர்தான். உண்மையைச் சொல்கிறேன். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அவள் விரல் மஞ்சளை நோக்கிப் போன அந்த ஒரு நொடியில், அவளுடைய முதல் கணவன் ரோட்டில் கிடப்பது என் கண்ணில் தெரிந்தது, அந்த முகம் உன் முகமாக இருந்தது. அந்தப் பையனை நான் பார்த்ததே கிடையாது. யாரோ ஒரு லோரிக்காரன் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனதற்கு அவள் விரல் எப்படிப் பொறுப்பாகும்? புத்திக்குத் தெரிகிறது. கை புத்தியைக் கேட்கவில்லை. இதைச் சொல்வதால் என் தப்பு சின்னதாகிவிடும் என்று சொல்லவில்லை. நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பாசத்தோடு செய்தேன், அதனால்தான் அது அவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்கிறேன்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. இதை நீ இதுவரை கேட்டிருக்க மாட்டாய். உன் அத்தைக்கு இருபத்தேழு வயதில் மாமா போய்விட்டார். அடுத்த வருடமே எனக்குக் கல்யாணம். அக்காவுக்கு மணிமணியான கையெழுத்து. முந்நூறு கார்டுக்கும் உறையில் பெயரும் முகவரியும் எழுதியது அவள்தான், பிஸ்கட் பேக்டரி வேலை முடிந்து வந்து, பத்து நாள். எழுதி முடித்ததும் பெரியம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அக்காவைப் போகச் சொல்லவில்லை. அவளே பேனாவை மூடி வைத்துவிட்டு, கை கழுவுகிற மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணத்தன்றும் அடுப்படியில்தான் இருந்தாள். தாலி கட்டியதை அவள் பார்க்கவில்லை, கெட்டிமேளம் கேட்டதோடு சரி. அவள் எழுந்து போனபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. நல்லவேளை, நம் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று. முப்பத்தாறு வருடமாக இந்த நிம்மதியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

உன் கார்டு வந்த பதினோராவது நாள் காலையில் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜெஞ்சாரோமுக்குக் கார் எடுத்தேன். அந்தக் கிண்ணத்தையும் கழுவித் துடைத்து, புதிதாக மஞ்சள் குழைத்து, பிளாஸ்டிக் மூடி போட்டு எடுத்துப்போனேன். என் யோசனை என்னவென்றால், அக்கா கையால் இந்தக் கார்டில் மஞ்சள் வைக்கச் சொல்வது, இரண்டு பாவத்தையும் ஒரே கிண்ணத்தில் கழுவிவிடுவது. நான் எப்போதுமே சுருக்கு வழி தேடுகிற ஆள்தானே. அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தாள் கட்டிக்கொண்டிருந்தாள். கார்டைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன், கிண்ணத்தைத் திறந்து நீட்டினேன். அவள் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷம் கழிச்சு மஞ்சள் கொண்டாந்திருக்கியா? டெலிவரி ரொம்ப லேட்டுடா தம்பி" என்றாள்.

"அக்கா, அன்னைக்கி நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"தெரியும். நீ நின்னது எனக்குத் தெரியும். ஒருதடவ 'எங்கக்கா போற'ன்னு கேப்பன்னு நெனச்சேன். கேக்கல."

நான் அழுதேன் கதிர். அறுபத்திரண்டு வயதில், நடுப்பகலில், தெரு வாசலில். அக்கா அழவில்லை. வெங்காயத்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கிண்ணத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

"இப்ப எனக்கு எதுக்கு இது? என் கணக்குல கைய வச்சு அந்தப் பொண்ணு கணக்க முடிக்கப் பாக்காத. யாருகிட்டேருந்து நகர்த்தினியோ அவகிட்ட கொண்டு போ. சும்மா கிண்ணத்த நீட்டாத, வாயத் தொறந்து கேளு. அவ வேணாம்னு சொன்னா வாங்கிக் கட்டிக்கிட்டு வா."

நான் கிளம்பிக் காரில் ஏறின பிறகு கண்ணாடியைத் தட்டினாள். "நானும் வரேன் கல்யாணத்துக்கு. முன்னாடி நாற்காலில ஒக்காருவேன். அடுப்படியில யாரும் எனக்கு எடம் போட வேணாம், சொல்லிட்டேன்" என்றாள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது முறை. எனக்கு அந்த யோக்கியதை இப்போது இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காது, கேட்டுக்கொள். சாப் சரியாக விழவில்லை என்றால் நம் கை உடனே அதன் மேலேயே இன்னொரு தடவை அடிக்கத்தான் பார்க்கும். அது ஒருநாளும் அதே இடத்தில் விழாது. இரட்டையாகத் தெரியும், முதலில் இருந்ததைவிட அசிங்கமாக. அன்றைக்கு நீங்கள் போன இரண்டாம் நாள் உனக்குப் போன் செய்து, "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன், மனசுல ஒண்ணும் இல்ல" என்றேனே, அது இரண்டாவது அடி. நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நீயும் என் பிள்ளைதான், உனக்கும் இந்தப் புத்தி இருக்கும். மாலினி மனம் நோகும்படி எதையாவது செய்துவிட்டு, நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பிக்காதே. செய்தது தப்பு என்று சொல், புதுத் தாளை எடு.

இன்னொன்று. உன் பயத்தை அவளிடம் பயமென்றே சொல். நான் உன் காதைத் திருகியபோதும் பயம்தான், கிண்ணத்தை நகர்த்தியபோதும் பயம்தான். இரண்டு தடவையும் வேறு பெயர் சொன்னேன், ஒருதடவை ஒழுங்கு, ஒருதடவை மை. என் அப்பாவும் அப்படித்தான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் அடி விழும். அந்தப் பழக்கம் என்னோடு போகட்டும். ராத்திரி அவள் வேலை முடிந்து வரத் தாமதமானால், "எங்க போன இவ்வளவு நேரம்" என்று கேட்காதே. பயந்துபோனேன் என்று சொல். ஆம்பிளைக்கு அது சொல்லக் கஷ்டமாக இருக்கும். சொல்லிப் பழகு, நானும் இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா மாலினி, இனி உனக்குத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு மை காய்ந்திருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன். உன்னை வீட்டுக்கு வரச்சொல்லி, உட்காரவைத்து, வேலை வாங்கி, கடைசியில் உன் கையைத் தீட்டு மாதிரி நடத்தினேன். நீங்கள் தபாலில் அனுப்பிய கார்டின் மூலைகள் வெறுமையாக இருந்ததைப் பார்த்து முதலில் கோபப்பட்டேன். அந்த நான்கு மூலையையும் வெறுமையாக்கியவன் நானே என்று புரிய கதிரின் அம்மா சொல்ல வேண்டியிருந்தது. என்னை மன்னித்துவிடு. என்னை நீ மாமா என்று கூப்பிட வேண்டும் என்று கேட்க மாட்டேன். அங்கிள் என்றே கூப்பிடு, எனக்கு அதுவும் அதிகம்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் என் அக்காவும் சுங்கை வேக்கு வருகிறோம். கதிரின் அம்மா எங்களுக்கு முன்னாலேயே ரயிலில் வந்துவிடுவாளாம், விருந்தாளிகளோடு ஒரே காரில் வர முடியாதாம். எனக்கு வந்த கார்டை நான் கொண்டுவருவேன். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக் கொண்டுவருவேன்; தண்ணீராக இருந்தால் தாள் சுருங்கிவிடும், அவ்வளவு நல்ல சாப்பைக் கெடுக்கக் கூடாது. கார்டை உன் முன்னால் வைத்து, கிண்ணத்தை உன் வலது கைப் பக்கம் வைப்பேன். நீ மஞ்சள் வைத்து உன் கையால் அந்தக் கார்டை எனக்குக் கொடுத்தால், எழுந்து நின்று வாங்கிக்கொள்வேன். கதிரின் அப்பனாக இல்லாமல் விருந்தாளியாகவே மண்டபத்துக்கு வந்து, எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்காருவேன்.

உனக்கு வைக்க மனமில்லை என்றால் வைக்க வேண்டாம், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். கிண்ணம் மட்டும் அங்கேயே இருக்கட்டும். அதை இன்னொரு தடவை உன் பக்கத்திலிருந்து எடுக்கிற கை என்னிடம் இல்லை.

அப்பா